ஊதாத் துணிக்குள் போன கைகள்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. "எல்லாரும் இப்படித்தான் தொடங்குவீர்கள்" என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கொன்றும் குறைந்துபோகாது. வன்னியில் யுத்தத்தின் கடைசி நேரத்தில் செத்துக் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தவள் நான். அத்தனை பேரில் ஒருவர்கூட எழும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த பிறகு, பழைய மாளிகை வீடுகளில் வேலை செய்கிற எங்கள் பெண்கள் ஆளுக்கொரு பேய்க்கதை வைத்திருப்பார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதவு தானாகத் திறந்தது, கதிரை ஆடியது என்று அளப்பார்கள். "உங்களுக்கு வேலை காணாதடி, அதுதான் பேய் தெரியுது" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள்.

நான் பார்த்துக்கொள்கிறவர் ஒரு வயதுபோன டொக்டர். பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தவர், கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். இத்தாலியனில் டொக்டருக்குச் சொல்கிற மாதிரி எல்லாரும் தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். மனைவி இல்லை, மகள் மிலானில். சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. நான் குடியிருக்கிற சீசாப் பகுதியில் இருந்து காலையில் பஸ் எடுத்துப் போனால், அவரை எழுப்பி, குளிக்க வார்த்து, சமைத்து, மத்தியானச் சாப்பாடு கொடுத்து, பின்னேரக் கோப்பியும் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். வாய்க்காரர். நானும் வாய்க்காரிதான், அதனால் பொழுது போகும். நாங்கள் இருவரும் கதைப்பது இத்தாலியனில், உங்களுக்குத் தமிழிலேயே சொல்கிறேன்.

அவருடைய படிப்பறையில் ஒரு மேசை, மேசையில் ஒரு வெண்கலச் சிலை. ஒரு முழ உயரம் இருக்கும். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்தியது, யார் செய்தது என்று தெரியாது, அவருடைய பாட்டன் காலத்தில் இருந்து வீட்டிலேயே கிடக்கிறது. முதல் நாள் தூசி தட்டப்போன நான் பார்த்தவுடனே, "உது எங்கடை தொபியாஸ் அல்லோ!" என்று கத்திவிட்டேன். எங்கள் வேதாகமத்தில் வருகிற கதைதான். கண் தெரியாத தகப்பன் மகனைத் தூரதேசம் அனுப்புவார், வழித்துணைக்கு ரபாயேல் என்கிற சம்மனசு, அதுதான் தேவதூதர், மனித வேடத்தில் கூடப் போவார். சிலையில் தொபியாஸ் நடந்துகொண்டிருக்கிறான். மீசை அரும்பாத வயது, கையில் கயிற்றில் கோர்த்த ஒரு மீன், காலடியில் நாய். பக்கத்தில் ஒரு தலை உயரமாகச் சம்மனசு. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்தபோது அலுமாரியோடு சரிந்ததாம், சம்மனசின் ஒரு செட்டையின் நுனி அப்போதே மடிந்துபோய்விட்டது. நிறம் முழுக்கக் கருகின சிரட்டை நிறம், ஆனால் சாளரத்தைத் திறந்தால் பையனின் கன்னமும் முழங்காலும் மட்டும் மினுங்கும்.

தொத்தோரே ஒவ்வொரு நாளும் கோப்பிக்கு முன்னால் அந்த மேசையடிக்கு வந்து சிலையைத் தடவுவார். தடவுவார் என்றால் சும்மா இல்லை, ஒரு பிள்ளையின் வயிற்றில் நோவு எங்கே என்று தேடுகிற டொக்டரின் கை அது. நாயின் முதுகில் தொடங்கி, மீனின் செதிலில் ஏறி, பையனின் நெற்றி, மூக்கு, உதடு என்று போகும். சம்மனசின் முதுகுப்புறம் அங்கியின் மடிப்புக்குள்ளே ஒரு இடம் இருக்கிறது. செய்தவனின் பெருவிரல் அடையாளம் அப்படியே பதிந்திருக்கும். அங்கே என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்ட மெழுகு உருகி ஓடிவிடுமாம், அந்த வெற்றிடத்தில்தான் வெண்கலம் வார்ப்பார்களாம்.

"அப்ப முதல் செய்தது வீணோ?" என்று கேட்டேன்.

"முதல் செய்தது போனால்தான் இது வரும்" என்றார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது ஒரு சின்ன இடைவெளி. சம்மனசின் கை பையனின் முழங்கைக்குக் கீழே நிற்கிறது, ஆனால் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவு வெறும் காற்று. கடைசியாக அவர் அங்கேதான் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

"முழுச் சிலையும் இந்த ஓட்டைக்காகத்தான் செய்திருக்கிறான்" என்பார். "பிடிக்கிறதும் இல்லை, விட்டுட்டுப் போறதும் இல்லை."

"வழித்துணைக்கு வந்தவர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனால் என்னவாம்?" என்று நான் எரிந்து விழுவேன். "உங்கடை சம்மனசு நல்ல பஞ்சி பிடிச்ச சோம்பேறி."

அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பொய் சொல்லக் கூடாது, நாள் போகப் போக எனக்கும் அந்தச் சிலை பிடித்துவிட்டது. தூசி தட்டுகிற சாட்டில் நானும் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்ப்பேன்.

இனி என் தம்பி நிக்ஸனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கடைசி. வன்னியில் ஓடிக்கொண்டிருந்தபோது சின்னப் பிள்ளை, செல் குண்டுத் துண்டு ஒன்று இடது புருவத்தைக் கீறிக்கொண்டு போய்விட்டது, அந்த இடத்தில் இன்றைக்கும் மயிர் முளைக்காது. மன்னாரில் அம்மாவோடு இருந்தவன், போன வருடத்துக்கு முந்தின வருடம், வேண்டாம் வேண்டாம் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் கேளாமல், ஏஜென்சிக்காரன் ஒருத்தனைப் பிடித்துத் துருக்கிக்கு வந்துவிட்டான். அங்கிருந்து படகு. கடைசியாக ஒரு குரல் செய்தி போட்டிருந்தான்.

"அக்கா, இண்டைக்கு ஏத்துறாங்கள். போனைப் பறிச்சிடுவாங்கள். அம்மாவுக்குச் சொல்லாதை, அவ பயப்பிடுவா."

அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் நம்பர் வேலை செய்யவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் வட்ஸப்பில் கூப்பிட்டு "தம்பி கதைச்சவனோ?" என்று கேட்பா. "சிக்னல் இல்லையாம் அம்மா" என்று புளுகுவேன். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிழவரின் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொத்தோரேயிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், அவருக்குச் சொன்னால் ஊருக்குப் போகாது.

அது போன வருடத் தவக்காலத்தின் கடைசிக் கிழமைகள். எங்கள் ஊரில் அந்த நாட்களில் கோயிலில் உள்ள சுரூபம் எல்லாவற்றையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு புனிதருடைய முகமும் தெரியாது. சின்னதில் இருந்து கண்டு பழகினது. இங்கே அநேகமான கோயில்களில் அதை விட்டுவிட்டார்கள், எனக்கு அது மனதுக்குச் சரியில்லை. அந்தக் கிழமை எனக்கிருந்த பதைப்பில், கடவுளுக்குக் கோபம் வருகிற மாதிரி ஒன்றும் இருக்கக் கூடாது என்று, ஒரு பழைய ஊதாச் சாறியின் தலைப்பைக் கிழித்துக்கொண்டு போய் அந்த வெண்கலத்தை மூடிக் கட்டிவிட்டேன். சம்மனசு சம்மனசுதானே, கோயிலில் இருந்தால் என்ன மேசையில் இருந்தால் என்ன.

தொத்தோரே கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது சுரூபம் இல்லை ஜெசிந்தா, கலைப்பொருள்."

"ரெண்டும் ஒண்டுதான். தவக்காலம் முடிய எடுத்துவிடுறன்."

"சரி, கிடக்கட்டும். எனக்கு அது எப்பவும் மூடித்தானே கிடக்கு. துணிக்குள்ளாலை கையை விட்டுப் பாக்கிறன்."

அடுத்தடுத்த நாட்கள் அப்படித்தான் செய்தார். துணியின் கீழ்ப்பக்கத்தால் இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தடவுவார். ஒரு வித்தியாசமும் இல்லை.

நான் சொல்ல வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. இரவு இல்லை, மழை இல்லை, இடி மின்னல் ஒரு மண்ணும் இல்லை. பட்டப்பகல், மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே உறங்குகிற நேரம். ஆபிரிக்கப் பக்கமிருந்து ஷிரொக்கோ காற்று வீசி வானம் மஞ்சளாகக் கிடந்தது. மண் வீட்டுக்குள் வராமல் இருக்கச் சாளரப் பலகைகளை எல்லாம் சாத்தி வைத்திருந்தேன். வெக்கை தாங்க முடியாமல் வியர்த்து ஊற்றியது. அந்த வெக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் பொய் சொல்கிறேனா இல்லையா என்று பிறகு பார்க்கலாம். கோப்பியை ஊற்றிக்கொண்டு படிப்பறைக்கு வந்தால், தொத்தோரே மேசையடியில் நிற்கிறார், இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே துணிக்குள்ளே.

"ஜெசிந்தா, இதுக்குள்ளை தண்ணி நிக்குது" என்றார்.

"என்ன தண்ணி? நான் ஈரத்துணியாலை துடைக்கிறேல்லையே."

"நல்ல குளிர் தண்ணி." அவருடைய உதடு வெளுத்திருந்தது. "சிலையைக் காணேல்லை. ஆக்கள் கிடக்கினம். நிறையப் பேர்."

பேய் என்று இல்லை, கிழவருக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது, மூளை குழம்பிவிட்டது, அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கோப்பியை வைத்துவிட்டு ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தேன். நாளாந்தம் கட்டிலில் இருந்து நான் தனி ஆளாகத் தூக்கி இருத்துகிற மனிதர், கோழி நிறைதான் இருப்பார். அசைக்க முடியவில்லை. துணிக்குள்ளே இருந்து யாரோ அவரை மற்றப் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தார்கள். மாதாவே, அதை நான் என் கையால் உணர்ந்தேன்.

"உம்மடை தம்பி என்ன மாதிரி இருப்பான்? கெதியாச் சொல்லும்!"

"விசர்க்கதை கதையாமல் கையை எடுங்கோ!"

"சொல்லும் எண்டுறன்!" அந்த வீட்டில் நான் வேலை செய்த காலத்தில் அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தரம்தான்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது, சொன்னேன். இடது புருவத்திலே தழும்பு, மயிர் இல்லாத இடம் ஒன்று, மெல்லிய மூக்கு, தாடி இல்லை. துணிக்குக் கீழே அவருடைய கை நகர்வது தெரிந்தது. சிலையின் உயரத்துக்குத் துணி நிற்கவில்லை, தாழ்ந்து, மேசையோடு பரந்து கிடந்து ஏறி இறங்கியது. அதற்குள்ளே ஒரு முழ வெண்கலம் நிற்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இல்லை... இவனும் இல்லை..." என்று முணுமுணுத்தார். பிறகு நின்றார். "இஞ்சை ஒருத்தன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறானில்லை. சின்னப் பெடியன். காதிலை வளையம் கிடக்கு. தாடி கொஞ்சம். இவனோ?"

"இல்லை, அவன்ரை காதிலை ஒண்டும் இல்லை."

"வடிவா யோசியும். இவன் அழுறான்."

"அது அவன் இல்லை எண்டுறன்! விடுங்கோ!"

விடுங்கோ என்று நான் சொன்னது அந்தக் கூத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லியா, அந்தப் பெடியனைச் சொல்லியா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. தொத்தோரேயின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு துக்கம் வந்தது. பிறகு அவருடைய தோள் தளர்ந்தது, விட்டுவிட்டார் என்று தெரிந்தது. திரும்பவும் தேடினார். "தழும்பு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் எதையோ பற்றிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தார், மேசை கிறீச்சென்று ஒரு சாண் நகர்ந்தது, கோப்பிக் கோப்பை விழுந்து உடைந்தது. நானும் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இழுத்தேன்.

அவருடைய கை வெளியே வந்தது. மணிக்கட்டுக்கு மேல் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்து, நகமெல்லாம் நீலம் பாரித்து, ஐஸ் பெட்டிக்குள்ளே வைத்து எடுத்ததுபோல விறைத்திருந்தது. நான் ஏப்ரனால் துடைத்தேன். மோந்து பார்த்தேன். கடல். மன்னாரில் பிறந்தவளுக்கு அதில் சந்தேகம் வராது. வெளியே அந்த வெக்கையில் நாய்கூட நிழலை விட்டு வராத நேரம்!

அவரைக் கதிரையில் இருத்திவிட்டுத் துணியை உரித்துப் பார்த்தேன். தொபியாஸ் நடந்துகொண்டிருந்தான், சம்மனசு பக்கத்தில் நின்றார், நாய் நின்றது. ஒரு துளி ஈரம் இல்லை. துணியும் காய்ந்தே இருந்தது. அந்த இடைவெளியில் விரலை விட்டேன், எப்போதும்போலப் போய் வந்தது. திரும்பவும் மூடிவிட்டு உடைந்த கோப்பையைக் கூட்டி அள்ளினேன்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. "அக்கா" என்றான். இத்தாலியின் தெற்குக் கரையில், கலாப்ரியாவில் ஒரு முகாமில் இருக்கிறானாம், படகு புரண்டதாம், சரக்குக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்ததாம். நான் பஸ்ஸுக்குள்ளே நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். ஒரு சிசிலிக்காரக் கிழவி எழும்பி எனக்குத் தன் இருக்கையைத் தந்தா.

பேப்பர் வேலைகள் முடிந்து அவன் சீசாவுக்கு என் வீட்டுக்கு வந்தது உயிர்த்த ஞாயிறுக்கும் பிறகு. சோறும் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்தேன். தின்றுகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு, நான் கேட்காமலே தொடங்கினான். முல்லைத்தீவுப் பெடியன் ஒருத்தன், சுதன் என்று பெயர், துருக்கியில் இருந்தே கூட்டாளி. படகு புரண்டபோது இருவரும் ஒரே பலகையில் தொங்கிக்கொண்டு கிடந்தார்களாம்.

"சொன்னால் நம்பமாட்டாய் அக்கா. தண்ணிக்குள்ளை ஒரு கை வந்தது. ஆள் இல்லை, கை. ஒவ்வொருத்தற்றை முகமாய்த் தடவித் தடவி வந்தது, கண் தெரியாத ஆள் தடவுற மாதிரி. முதல் சுதனைத்தான் பிடிச்சது. 'மச்சான், ஆரோ தூக்குறாங்களடா' எண்டு அவன் சிரிச்சவன் அக்கா. பாதி உடம்பு வெளியிலை வந்திட்டுது. பிறகு..." அவன் சோற்றைப் பிசைந்தான். "பிறகு திருப்பி ஒருக்கால் முகத்தைத் தடவிப் பாத்திட்டு விட்டிட்டுது. அவன் கீழை போனான். அதுக்குப் பிறகுதான் என்னட்டை வந்தது. ஏன் அக்கா அவனை விட்டது?"

"சுதன் காதிலை வளையம் போட்டிருந்தவனோ?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"ஓம். உனக்கென்னண்டு தெரியும்?"

அடுப்பில் ஏதோ பார்க்கப் போவதுபோல எழும்பிப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் தொத்தோரேயிடம் தம்பி வந்துவிட்டான் என்று சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். "மற்றப் பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். தவக்காலம் முடிந்துவிட்டது, துணியை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, எடுக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றார். இன்றைக்கும் அது மூடித்தான் கிடக்கிறது. மிலானில் இருந்து வந்த மகள் இழுத்து எறியப் பார்த்தபோது, அவர் அழுது தடுத்தார். ஒவ்வொரு பின்னேரமும் கோப்பிக்கு முன்னால் கையை உள்ளே விட்டுக் காத்துக்கொண்டு நிற்பார். காய்ந்த கையோடு எடுத்துவிட்டுக் கதிரைக்குப் போவார்.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள், நான் சமையலறையில் இருக்கும்போது கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன், முகம் வெளுத்திருந்தது. "தண்ணி வந்திருக்கு" என்றார். "அந்தப் பிள்ளை என்ன மாதிரி இருப்பான்? சொல்லும்."

காதில் வளையம் என்றேன், கொஞ்சம் தாடி என்றேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

"அது காணாது, ஜெசிந்தா. வளையம் போட்டவை கனபேர் கிடக்கினம்."

கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். விரல் நுனிகள் நனைந்திருந்தன.

அன்றைக்கே நிக்ஸனிடம் நம்பர் வாங்கி முல்லைத்தீவுக்கு அடித்தேன். சுதனுடைய தாய், உடம்பைக் காணாமல் கிரியை செய்ய மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறா. மகனின் படம் ஒன்று அனுப்புங்கள் என்றேன். "ஏன் பிள்ளை, கண்டனியளோ?" என்று கேட்டா. செபத்துக்கு என்று சொன்னேன். ஒன்று கேட்டதற்குப் பதினைந்து படம் அனுப்பினா.

எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கன்னத்தில் கொப்பளிப்பான் அம்மை வந்த குழி ஒன்று. இரண்டு புருவமும் மூக்குக்கு மேலே சேர்ந்திருக்கும். கீழ் உதடு தடிப்பு, நாடி நடுவே பிளந்திருக்கும். இடது காது மற்றதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். செபம் பாடமாக்கின மாதிரிப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், இத்தாலியனிலும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பின்னேரங்களில் அவர் துணிக்குள்ளே கையை விடும்போது பக்கத்திலேயே போய் நிற்கிறேன். அவர் இன்னும் கேட்கவில்லை.